மழைக்காலச் சென்னையில் இரண்டு மூன்று நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை, கல்யாணம், நேர்முகத் தேர்வு, பிள்ளைகளின் விடுமுறை என்று ஏதோ ஒரு காரணத்துக்காகச் சென்னைக்கு வந்து இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்கான பக்கம் இது. மழை பெய்தால் அறையிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. இந்த ஊரில் ஒரு மழை நாளைக் கெடுப்பது பெரும்பாலும் மழை அல்ல, ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் நடுவே உள்ள தூரம்தான். காலையில் எழும்பூர், மதியம் வேளச்சேரி, மாலையில் மகாபலிபுரம் என்று போட்ட திட்டம் மழையில் நடக்காது. அரைநாளுக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொண்டால் நடக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை.

எந்த வாரம் வந்தால் மழை குறைவாக இருக்கும்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும். நவம்பர்தான் உச்சம். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது சென்னைக்கு அப்படியே பொருந்தும். டிசம்பர் முதல் வாரம் புயலுக்குப் பேர்போனது: 2015 பெருவெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் அந்த வாரத்தில்தான் வந்தன. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. தேதி உங்கள் கையில் இருந்தால் டிசம்பர் 15க்குப் பிறகு வாருங்கள். மழை பெரும்பாலும் தணிந்திருக்கும், மார்கழிக் கச்சேரிகளும் தொடங்கியிருக்கும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் பயணத்துக்கு என்ன அர்த்தம்?

வானிலை மையம் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்வதைக் கனமழை என்றும், 12 முதல் 20 வரை மிக கனமழை என்றும், அதற்கு மேல் அதி கனமழை என்றும் சொல்கிறது. நிற எச்சரிக்கைகள் மாவட்ட அளவில் வருபவை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள்.

பயணிக்கு இதை இப்படிப் பிரித்துக்கொள்வது சுலபம். மஞ்சள் நாளில் எதையும் ரத்து செய்ய வேண்டாம், குடை போதும். ஆரஞ்சு நாளில் மெட்ரோ நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நாளில் தங்கும் இடத்தை விட்டு நகர வேண்டாம். அருங்காட்சியகம், பூங்கா, சில நேரம் கடைகள்கூட அன்று திறக்காமல் போகலாம்.

ஆரஞ்சு கொடுத்த நாளில் வெயில் அடித்தால் எச்சரிக்கை பொய் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பருவத்தில் மேகக்கூட்டங்கள் கடலிலிருந்து பட்டை பட்டையாக வரும். ஒரு பட்டை எண்ணூரில் கொட்டிவிட்டுப் போகும்போது திருவான்மியூர் காய்ந்திருக்கும். அடுத்த பட்டை இரண்டு மணி நேரம் கழித்து உங்கள் தலைக்கு மேல் வரலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். செய்தியில் ‘நேற்று 12 செ.மீ. மழை’ என்றால் அது நேற்று காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பதிவானது. இனி பெய்யப்போவதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்கு அடுத்த மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் வானிலை மையத்தின் ரேடார் படத்தையும் பாருங்கள். படத்தில் பட்டை கடலில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும்.

ஒரு நாளில் எந்த நேரத்தில் வெளியே போகலாம்?

கடலோரத்தில் இந்த மழை பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் வலுவாகப் பெய்யும். முற்பகல்வரை நீடித்து, பிற்பகலில் இடைவெளி விடுவது அடிக்கடி நடக்கும். தாழ்வு மண்டலமோ புயலோ பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மற்ற நாட்களில் வழக்கமான சுற்றுலாத் திட்டத்தைத் தலைகீழாக்குங்கள்: காலை 10 மணிக்குக் கூரைக்குள், 2 மணிக்கு மேல் வெளியே. கோடையில் செய்வதுபோல ‘காலையிலேயே கடற்கரை, வெயில் ஏறியதும் அருங்காட்சியகம்’ என்று போட்டால் இரண்டும் கெடும்.

எந்தப் பகுதியில் தங்குவது?

எழும்பூர், ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை என்று மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் ஆட்டோவில் மிச்சமாகிவிடும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று மழைக்காலத்தில் போக வேண்டாம். பள்ளிக்கரணை இயல்பிலேயே சதுப்பு நிலம். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்துதான் கடலுக்குப் போகிறது, வடிய நாளாகும். அடையாற்றங்கரையையொட்டிய கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை ஆகியவற்றின் தாழ்வான தெருக்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. மட்டம் அதை நெருங்கும்போது உபரிநீரை அடையாற்றில் திறப்பார்கள். ‘செம்பரம்பாக்கத்தில் நீர் திறப்பு’ என்ற செய்தி வந்தால், உங்கள் தெருவில் மழையே இல்லாவிட்டாலும் ஆற்றங்கரையில் தங்கியிருப்பவர்கள் இடம் மாற யோசிக்க வேண்டும்.

முன்பதிவு செய்வதற்கு முன் லாட்ஜில் என்ன கேட்க வேண்டும்?

நான்கு கேள்விகள். போன மழைக்கு வாசலில் தண்ணீர் நின்றதா? ஜெனரேட்டர் அறைகளுக்கும் உண்டா, வரவேற்பறைக்கும் லிஃப்டுக்கும் மட்டும்தானா? அறை எந்த மாடி? கார் கொண்டுவந்தால் நிறுத்துமிடம் தரைக்குக் கீழேயா?

கனமழையில் தெருவில் தண்ணீர் ஏறினால் மின்விபத்தைத் தடுக்க அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். பழுதல்ல, பாதுகாப்புக்காகச் செய்வது. ஆனால் பல மணி நேரம் நீடிக்கும், லிஃப்டும் மோட்டாரும் நின்றுபோகும். அதனால் முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குள் அறை கேளுங்கள். தரைத்தளமும் வேண்டாம், எட்டாவது மாடியும் வேண்டாம். பெரியவர்கள் உடன் வந்தால் இது இன்னும் முக்கியம். நிலத்தடி நிறுத்துமிடத்தில் மழை இரவில் காரை விடவே கூடாது.

ஊருக்குள் எதில் சுற்றுவது?

முதலில் மெட்ரோ. காலை 5 மணி முதல் இரவு 11 மணிவரை ஓடுகிறது. நீல வழித்தடம் விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல், அண்ணா சாலை வழியாக விமான நிலையம் போகிறது. பச்சை வழித்தடம் சென்ட்ரலிலிருந்து எழும்பூர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலை போகிறது. இரண்டும் சந்திப்பது சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும். ரயில் ஓடினாலும் நிலைய வாசல் மூழ்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2023 டிசம்பரில் பரங்கிமலை நிலையத்தை நெருங்க முடியாதபடி தண்ணீர் நின்றபோது பயணிகளை ஆலந்தூரில் ஏறச் சொன்னார்கள்.

அடுத்து பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து வேளச்சேரிவரை பெரும்பகுதி தூண்களின் மேலே போவதால் தெருத்தண்ணீர் அதைத் தொடாது. திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, கோட்டூர்புரம் நான்கும் இதே தடத்தில் இருப்பது மழைநாளில் பெரிய வசதி. நிலையங்கள் பெரிதாகவும் இருட்டாகவும் இருக்கும். இரவு 8 மணிக்கு மேல் தனியாகப் போகிறவர்கள் வேறு வழி பார்ப்பது நல்லது.

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் தரைமட்டத்தில் ஓடுகிறது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் நிறுத்திவிடுவார்கள். மழை நாளில் பேருந்தும் ஆட்டோவும் சுரங்கப்பாதைகளைத் தவிர்த்துச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை, ரங்கராஜபுரம் சுரங்கப்பாதை, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூன்றும் மழையென்றால் முதலில் மூடப்படுபவை. ‘உள்ளே கொஞ்சம்தான் நிற்கிறது’ என்று ஓட்டுநர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே இறங்கிய பிறகுதான் ஆழம் தெரியும்.

ஆட்டோ, கார் பிடிக்கும் செயலிகளில் மழை தொடங்கிய முதல் அரைமணி நேரத்தில்தான் கட்டணம் எகிறும், வண்டியும் கிடைக்காது. அந்த நேரத்தில் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் இரண்டும் சரியாகிவிடும்.

ஒரே ஒரு முழுநாள்தான் இருக்கிறது, விடாத மழை. எங்கே போகலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். இதற்கு மாற்றே கிடையாது. 1851இல் தொடங்கிய இந்த வளாகத்தில் ஒரு முழுநாள் போதாது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு மணி நேரத்தில் ஓட்டமாக ஓடிவிட்டு வருகிறார்கள். மழை உங்களை அங்கே உட்காரவைத்தால் அது நல்லதுதான்.

எழும்பூர் மெட்ரோவிலிருந்து பாந்தியன் சாலைக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். காலை 9.30க்குத் திறக்கிறார்கள், மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். ஒரே கட்டடம் என்று நினைத்துக் குடையை வாசலில் விட்டுவிடாதீர்கள். தனித்தனிக் கட்டடங்கள், நடுவே திறந்த முற்றம், ஒவ்வொரு முறையும் நனைய வேண்டும்.

முதலில் நேராகச் செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். கூட்டம் சேர்வதற்குள் திருவாலங்காட்டு நடராசரின் முன் கொஞ்ச நேரம் தனியாக நிற்க முடியும். திருவெண்காட்டு அர்த்தநாரியைச் சுற்றிவந்து பாருங்கள். சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை. இடுப்பு வளைவு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகரும்போது உருவம் ஆணிலிருந்து பெண்ணாக மாறுவதை நேரில் நின்றால் மட்டுமே உணர முடியும், படத்தில் பிடிபடாது. நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் படிமங்களும் இந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. சோழநாட்டுத் துறைமுகத்தில் பௌத்தம் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. இந்தக் கூடத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்து அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவின் அந்தப் பௌத்தத் தூபியிலிருந்து பெயர்க்கப்பட்ட சுண்ணாம்புக்கல் பலகைகளில் ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது, ஒரு பெரும்பகுதி இங்கே. புடைப்புச் சிற்பத்தின் நுணுக்கம் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். மேகமூட்டத்தில் கூடம் மங்கலாக இருந்தால் பொறுமையாக, பக்கத்தில் போய்ப் பாருங்கள். குழந்தைகள் உடன் இருந்தால் விலங்கியல் பகுதியில் தொங்கும் திமிங்கில எலும்புக்கூடு அவர்களுக்குப் போதும்.

அதே வளாகத்தை ஒட்டிக் கன்னிமாரா பொது நூலகம் இருக்கிறது. 1896இல் திறக்கப்பட்டது, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு தேசியக் களஞ்சிய நூலகங்களில் ஒன்று. வேலைப்பாடு மிகுந்த பழைய மண்டபத்தைப் பார்க்க விடுவார்களா என்று வாசலில் கேளுங்கள். விடாவிட்டாலும் புதிய கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்தால்?

இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை. மூன்று நாள் பயணத்தில் ஒரு வெள்ளி வந்தால் அதை நூலகம், கடைவீதி, சினிமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி தேசியப் பூங்காவுக்கும் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்கும் செவ்வாய் விடுமுறை. மூன்றும் திறந்தவெளி இடங்கள், எப்படியும் மழைக்கு ஏற்றவை அல்ல.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு உயர் நீதிமன்ற மெட்ரோவிலிருந்தோ கோட்டை ரயில் நிலையத்திலிருந்தோ போகலாம். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு, ஆதார் போல ஓர் அடையாள அட்டை வைத்திருங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே பாதுகாக்கப்படுகிறது. பக்கத்திலேயே 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம். இரண்டும் சேர்த்து இரண்டரை மணி நேரம்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?

கோட்டூர்புரம். காந்தி மண்டபம் சாலையில் பிர்லா கோளரங்கமும் அறிவியல் மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கோளரங்கத்தில் தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் மாறி மாறி வரும், நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொண்டு மிச்ச நேரத்தை அறிவியல் மையத்தில் செலவிடுங்கள். அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். ஒன்பது மாடி. முதல் மாடி முழுக்கக் குழந்தைகளுக்கு, தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பகுதி. உறுப்பினர் ஆகாமலேயே உட்கார்ந்து படிக்கலாம். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், அதனால் பணம், கைபேசி, தண்ணீர் பாட்டிலைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்குடையை நூலகத்துக்குள் கொண்டுபோக ஒரு பிளாஸ்டிக் உறை கையில் இருக்கட்டும். புத்தகத்தில் சொட்டினால் யாருக்கும் நல்லதல்ல.

ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சாலையிலேயே காலை 10 முதல் மாலை 5 வரை போய்விடும்.

தி.நகரில் துணி எடுக்க வேண்டும். மழையில் முடியுமா?

முடியும். வழியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது, நீளம் 570 மீட்டர். ரங்கநாதன் தெருச் சேற்றில் இறங்காமல் ரயிலிலிருந்து பேருந்து நிலையம்வரை மேலேயே நடக்கலாம், நடுவே இறங்கும் வழிகளும் உண்டு. காரில் போனால் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையால் பனகல் பூங்கா சுற்றுப்புறச் சாலைகள் குறுகியிருக்கும், ஒரு சின்ன மழைக்கே வண்டிகள் தேங்கும்.

பட்டுப்புடவை வாங்கினால் கடைப் பையை நம்பாதீர்கள். காகிதப் பை பத்து நிமிட மழையில் அடி விட்டுவிடும். வீட்டிலிருந்தே இரண்டு பெரிய பிளாஸ்டிக் உறைகள் கொண்டுபோய், புடவையைப் பெட்டியோடு அதற்குள் வைத்துக் கட்டுங்கள். ஜரிகைப் பட்டில் மழைநீர் பட்டால் வட்டமாகக் கறை நிற்கும். நனைந்துவிட்டால் தேய்க்காமல், வெயில் படாமல், நிழலில் விரித்து உலர்த்துங்கள்.

கோயில்களுக்குப் போகலாமா?

போகலாம். மயிலை கபாலீசுவரரும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதியும் மழையில் கூட்டம் குறைந்து அமைதியாக இருப்பார்கள். நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணியையொட்டித்தான் திறப்பார்கள், மழை இடைவெளி விடும் பிற்பகலும் கோயில் மூடியிருக்கும் நேரமும் ஒன்றாக வருவதைக் கணக்கில் வையுங்கள். வெளிப்பிராகாரக் கருங்கல் மழையில் வழுக்கும். முதியவர்களை அந்தப் பக்கம் சுற்றவிடாமல் உள்பிராகாரத்தோடு நிறுத்துங்கள். செருப்பை வெளியே விடுவதற்கு முன் ஓர் உறையில் போட்டு வைத்தால் திரும்பி வரும்போது ஊறியிருக்காது.

திருவல்லிக்கேணி போனால் ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி சாப்பிடாமல் வராதீர்கள். இட்லி மூழ்க மூழ்க ஊற்றுவார்கள், மழைக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

மெரினா?

மழை விட்ட மாலையில், சாலையோர நடைபாதையில் நின்று பார்க்க அருமையான இடம். தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். புயல் எச்சரிக்கை இருந்தால் போலீசார் மணற்பரப்புக்கே விடமாட்டார்கள். இடி கேட்டால் திறந்த மணலில் நிற்கக் கூடாது.

மார்கழிக் கச்சேரிக்கு முன்பின் பழக்கம் இல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாக. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் நாட்கள்வரை மியூசிக் அகாடமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று பல இடங்களில் காலை முதல் இரவுவரை நிகழ்ச்சி உண்டு. காலையிலும் பிற்பகலிலும் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பாட்டுக்கு நடுவே எழுந்து போகாதீர்கள், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் போங்கள். சபா கேன்டீனில் சாப்பிட டிக்கெட் கேட்பதில்லை. அரங்கில் குளிர்சாதனம் பலமாக இருக்கும், ஈரச் சட்டையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் காய்ச்சல்தான், ஒரு சால்வை வேண்டும்.

என்ன உடுத்துவது, என்ன கொண்டுவருவது?

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் இந்த ஈரப்பதத்தில் ஒரு நாளானாலும் காயாது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த மெல்லிய பேண்ட், கணுக்காலுக்கு மேலே மடிக்கக்கூடியது, சரியாக இருக்கும். ஷூவுக்குப் பதில் பின்புறம் வார் உள்ள ரப்பர் செருப்பு. வார் இல்லாத ஹவாய் செருப்பு சேற்றை முதுகுவரை தெளிக்கும், ஓடும் தண்ணீரில் காலைவிட்டு நழுவியும் போகும்.

சாதாரண மழைக்குக் குடை, காற்றோடு வரும் மழைக்கு மழைக்கோட்டு. புயல் காற்றில் குடை ஒரு நொடியில் மறுபக்கம் திரும்பும். ஒரு சின்னத் துண்டு, ஒரு ஜோடி மாற்று உள்ளாடை, கைபேசிக்கு ஜிப் வைத்த உறை, பவர் பேங்க், கொசுவிரட்டிக் களிம்பு: இந்த ஐந்தும் தினமும் பையில் இருக்கட்டும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, களிம்பை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நனைந்த துணியை அறையில் எப்படிக் காயவைப்பது?

குளியலறையில் தொங்கவிட்டால் காயாது, நாற்றம்தான் வரும். துணியைப் பிழிந்த பிறகு, உலர்ந்த குளியல் துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாயைப்போலச் சுருட்டி இறுக்கி முறுக்குங்கள். துண்டு பாதி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு நாற்காலி முதுகில், துணி ஒன்றன்மேல் ஒன்று படாமல், மின்விசிறிக்கு நேர் கீழே போடுங்கள். ஏ.சி.யில் ஈரம் நீக்கும் நிலை இருந்தால், பெரும்பாலும் நீர்த்துளிப் படம் போட்டிருக்கும், அதை வைத்து சன்னலை மூடுங்கள். மெல்லிய சட்டை விடிவதற்குள் காய்ந்துவிடும். ஷூ நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள்.

கைபேசியின் சார்ஜ் துவாரத்தில் ஈரம் போனால் துவாரம் கீழே பார்க்கும்படி சாய்த்து, விசிறிக் காற்றில் வைத்துக் காத்திருங்கள். அரிசிக்குள் புதைப்பதால் தூசிதான் உள்ளே போகும். ஈரமான துவாரத்தில் சார்ஜர் செருகினால் முனைகள் அரித்துப்போகும்.

தெருவில் தண்ணீர் நிற்கிறது. நடக்கலாமா?

கணுக்கால்வரை, அடி தெரிகிற தண்ணீரானால் சாலையின் நடுவாக மெல்ல நடக்கலாம். ஓரமாகப் போகாதீர்கள், மழைநீர் வடிகாலும் திறந்த மூடிகளும் ஓரத்தில்தான் இருக்கும். அதற்கு மேல் என்றால் திரும்பிவிடுங்கள். விளக்குக் கம்பம், தெருவோர மின்பெட்டி, அறுந்து தொங்கும் எந்த வயராக இருந்தாலும் கிட்டப் போகக் கூடாது, கேபிள் டி.வி. வயர்தானே என்று ஊகிக்கவும் கூடாது.

அறைக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல் வழியே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். ஊருக்குத் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் வேறு காய்ச்சலாகப் பார்க்கப்பட்டு நாள் வீணாகும்.

தண்ணீர் தேங்கல், விழுந்த மரம் பற்றி மாநகராட்சிக்குச் சொல்ல 1913. மின்சாரத்துக்கு 94987 94987. ஆம்புலன்ஸ் 108.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது?

ஆவி பறக்க வருவதைச் சாப்பிடுங்கள். வெட்டிவைத்த பழம், தெருவோரப் பானிபூரித் தண்ணீர், ஐஸ் போட்ட கரும்புச்சாறு மூன்றையும் மழைக்காலம் முடியும்வரை ஒதுக்குங்கள். கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் பக்கம் மாலையில் அத்தோ தள்ளுவண்டிகள் நிற்கும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். அதில் முட்டைக்கோஸும் வெங்காயமும் பச்சையாகச் சேரும், வயிறு பலவீனமானவர்கள் அதைச் சேர்க்காமல் கேட்கலாம்.

சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது, அறையில்தான் இருக்க வேண்டும். என்ன தயார் செய்வது?

எச்சரிக்கை வந்த மாலையிலேயே, கடை திறந்திருக்கும்போதே: ஆளுக்கு 4 லிட்டர் குடிநீர், பிரெட், வாழைப்பழம், பிஸ்கட், குழந்தைக்குப் பால்பவுடர், தினமும் சாப்பிடும் மாத்திரை மூன்று நாளுக்கு, ஐந்நூறு ரூபாய்த் தாள் இல்லாமல் சில்லறையாகக் கொஞ்சம் பணம். மின்சாரம் நின்றால் கைபேசிக் கோபுரங்களும் சில மணி நேரத்தில் சோர்ந்துவிடும், செயலிப் பணம் அப்போது உதவாது. பால் பாக்கெட் முதலில் தீரும். குளியலறை வாளிகளை நிரப்பி வைத்துவிடுங்கள்.

திரும்பும் ரயில் அல்லது விமானம் ரத்தானால்?

சென்ட்ரலிலிருந்து போகும் ரயில்களுக்குப் பேசின் பிரிட்ஜ் - வியாசர்பாடி இடையே உள்ள பாலம்தான் சிக்கல். அங்கே தண்ணீர் தண்டவாளத்தை நெருங்கினால் கோவை, பெங்களூர்ப் பக்க ரயில்கள் நிற்கும், அல்லது புறநகர் நிலையம் ஒன்றிலிருந்து கிளம்பும். தெற்கே எழும்பூர் வழியாகப் போகும் ரயில்களை இது தொடாது. அதனால் சென்ட்ரலுக்கு ஆட்டோ பிடிக்கும் முன் ரயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று ரயில்வேயின் செயலியிலோ 139 என்ற விசாரணை எண்ணிலோ பாருங்கள்.

ரயில்வே ரத்து செய்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு முழுப்பணமும் தானாக வந்துவிடும், நீங்கள் ரத்து செய்யக் கூடாது. அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பார்கள். ரத்தாகாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போகவில்லை என்றால், அந்த ரயில் உங்கள் நிலையத்திலிருந்து உண்மையில் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். எனப்படும் பணம் திரும்பக் கேட்கும் மனுவைப் பதிவு செய்ய வேண்டும். கிளம்பிய பிறகு பதிவு செய்தால் கிடைக்காது.

விமானத்தில், வானிலையால் ரத்தானால் நிறுவனம் மாற்று விமானமோ முழுப்பணமோ தர வேண்டும், இழப்பீடு தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 4 அன்றும் 2024 நவம்பர் 30 அன்றும் ஓடுதளம் மூடப்பட்டு, மறுநாள்தான் திறந்தார்கள். அப்படி ஒரு நாளில் நிலையத்துக்குப் போய் உட்காராதீர்கள், அறையை ஓர் இரவு நீட்டித்துவிட்டு அழைப்பு மையத்தில் தேதி மாற்றுங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்து ஏறுகிறவர்கள் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மெட்ரோவில் விமான நிலையம்வரை போய், அங்கிருந்து பேருந்து பிடித்தால் நகருக்குள் தேங்கும் நேரமாவது மிச்சம்.